மஞ்சள் கடுதாசி வக்கீல்

"இன்னார் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாராம்!" என்று கடைத்தெருவில் ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், அன்று அந்தத் தெருவில் வேறு பேச்சே நடக்காது. சொல்லுகிறவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லுவார். கேட்கிறவர் தமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று மனத்திற்குள் கணக்குப் போட்டுக்கொண்டே கேட்பார். பாக்கி ஒன்றுமில்லாதவரோ, "எனக்கு அப்போதே தெரியும்" என்பார். மரணச் செய்தியைக்கூட நம்மவர்கள் இவ்வளவு ரசத்துடன் பரிமாறிக்கொள்வதில்லை. இறந்து போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதென்று ஒரு வழக்கமாவது நம் நாட்டில் இருக்கிறது. நொடித்துப் போனவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அந்தக் கடுதாசியைக் கொடுத்தவரைப் பற்றி அல்ல. அதை எழுதிக் கொடுக்கிற வக்கீலைப் பற்றி. சட்டக் கலாசாலையிலிருந்து வருஷந்தோறும் வெளிவரும் வாலிபர்களும் பெண்மணிகளும் எந்தத் துறையில் இறங்கலாம் என்று பெரியவர்களைப் போய்க் கேட்கிறார்கள். பெரியவர்கள் சொத்து வழக்கு என்பார்கள், கிரிமினல் என்பார்கள், வரி விவகாரம் என்பார்கள். இன்ஸால்வென்ஸி என்று யாராவது துணிந்து சொன்னால் உடனே சிரிப்பு எழும். "திவாலானவனிடம் பீஸ் வாங்கியா பிழைக்கப் போகிறாய்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலும் உண்டு. சற்றுப் பொறுத்துச் சொல்கிறோம்.

சென்னைப் பட்டணத்தின் சரித்திரம் தெரிந்தவர்கள் இந்தத் துறையைக் கண்டு சிரிக்கமாட்டார்கள். 1906-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஆர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. அதில் பணம் போட்டிருந்தவர்கள் சூதாடிகள் அல்லர். பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், விதவைகள், வைதிகர்கள், பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த குடும்பஸ்தர்கள் ஆகியோர்தாம். வெள்ளைக்காரர் கம்பெனி என்றால் மலை சாய்ந்தாலும் அது சாயாது என்று நம்பியிருந்தவர்கள். அந்தச் சமயத்தில் கடன் கொடுத்தவர்களுக்காகக் கோர்ட்டில் நின்று வாதாடிய பிரமுகர்களில் ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர் ஒருவர். வழக்கு ஒரு புறம் நடந்தது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்கும் போனார். ஆனால் கிருஷ்ணசாமி ஐயர் அதோடு திருப்தி அடையவில்லை. நம் ஜனங்களின் பணத்தை நம்மவர்களே பாதுகாக்க ஒரு பாங்கி வேண்டும் என்று முனைந்து நின்றார். 1907-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியன் பாங்கி திறக்கப்பட்டது. அதே வருஷத்தில், அரசியலில் தமக்கு நேர் எதிரான கட்சியைச் சேர்ந்த பாரதியாரின் தேசீயப் பாடல்களை அச்சிட்டு இலவசமாய் வினியோகிக்கப் பொருள் உதவியவரும் அவரே. திவால் வழக்கு வக்கீல் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

அது நிற்க. இன்றைய தினம் இத்துறையில் புகுகிற இளம் வக்கீல் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன என்பதுதான். ஒன்று புது வாசல். 2016-ம் வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றிய நொடிப்பு, திவால் சட்டத் தொகுப்பு கம்பெனிகளுக்கு வழி வகுத்தது. கம்பெனி கடனைத் தவறினால் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுக் கம்பெனிகளின் விவகாரங்கள் அதன் சென்னைக் கிளைக்கு வருகின்றன. மனு ஏற்கப்பட்டதும் நிர்வாகம் முதலாளிகளின் கையை விட்டு ஒரு தனி நிபுணரின் கைக்கு மாறும். மற்ற வழக்குகளெல்லாம் அப்படியே நிறுத்தி வைக்கப்படும். கடன் கொடுத்த பாங்கிகள் கமிட்டியாகக் கூடிக் கம்பெனியைப் பிழைக்க வைப்பதா, கலைத்து விற்பதா என்று முடிவு செய்யும். முதலில் 180 நாள், பிறகு 90 நாள், கோர்ட்டு வழக்குகள் உள்பட 330 நாளுக்குள் எல்லாம் முடியவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அந்த 330 நாள் என்பது நமது ரயில்வே கால அட்டவணையைப் போல ஒரு நல்லெண்ணம் என்றே கொள்ளவேண்டும்.

இன்னொன்று பழைய வாசல். கம்பெனி வைக்காத சாதாரண மனிதன், அதாவது ஜவுளிக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், பட்டறைக்காரர், கூட்டு வியாபாரத்தில் கையெழுத்துப் போட்ட மைத்துனர் ஆகியோர் அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். சென்னை நகருக்கு 1909-ம் வருஷத்துச் சட்டம். வெளி ஜில்லாக்களுக்கு 1920-ம் வருஷத்து மாகாண இன்ஸால்வென்ஸிச் சட்டம். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தவை. புதுச் சட்டத்திலே தனி மனிதர்களுக்கென்று ஒரு பாகம் எழுதித்தான் இருக்கிறார்கள். ஆனால் 2019-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி அதில் நடைமுறைக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைப் பற்றிய பகுதி மட்டுமே. பெரிய கம்பெனிக்குப் புது மாளிகை கட்டியாகிவிட்டது. சின்னக் கடைக்காரனுக்குப் பாட்டனார் காலத்துத் திண்ணைதான். அந்தத் திண்ணையில் எழுதி வைத்த தொகை இன்னும் மாறவில்லை: 500 ரூபாய் கடன் இருந்தால் மனுக் கொடுக்கலாம்! 1920-ல் அது ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். இப்போது ஒரு குடும்பம் ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குக் காணாது.

ஐ.பி. என்ற இரண்டெழுத்துக்கும் இவ்விதமாக இரண்டு அர்த்தம் ஏற்பட்டுவிட்டது. ஜில்லாக் கோர்ட்டு வராந்தாவில் "ஐ.பி. போட்டார்" என்றால் திவால் மனுப் போட்டார் என்று பொருள். சென்னைத் தீர்ப்பாயத்தில் "ஐ.பி. வந்தார்" என்றால் கம்பெனியை ஏற்று நடத்தும் நிபுணர் வந்தார் என்று பொருள். முன்னவர் சொத்தை இழந்தவர். பின்னவர் பிறர் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவர். பத்து வருஷம் தொழில் நடத்திய வக்கீலும் ஆடிட்டரும் பரீட்சை தேறி இந்த இரண்டாவது ஐ.பி. ஆகலாம். பத்து வருஷம் தொழில் நடத்துகையில் முதல் ஐ.பி. ஆகாமல் தப்பிக்க வேண்டியது முக்கியம்.

ஆரம்பிப்பது எப்படி? போர்டு மாட்டுவதிலிருந்தே சங்கடம் தொடங்குகிறது. வக்கீல் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கௌன்ஸில் விதி இருக்கிறது. பெயர்ப் பலகையும் நியாயமான அளவில் இருக்கவேண்டும். இன்ன விஷயத்தில் தேர்ந்தவர் என்று அதில் எழுதிக்கொள்ளவும் கூடாது. ஆகவே "திவால் வழக்குகள் இங்கே கவனிக்கப்படும்" என்று கொட்டை எழுத்தில் போட முடியாது. போட முடிந்தாலும், பட்டப்பகலில் அந்தப் பலகையின் கீழே நுழைய எவருக்குத் தைரியம் வரும்? இந்தத் தொழிலில் கட்சிக்காரர்கள் ஆடிட்டர் மூலமாகவும், கணக்குப்பிள்ளை மூலமாகவும், முன்பு இதே வழியில் கரையேறிய இன்னொரு வியாபாரி மூலமாகவுமே வருவார்கள். ஆதலால் இளம் வக்கீல் முதல் வருஷத்தில் சம்பாதிக்க வேண்டியது பணத்தையல்ல, இப்பேர்ப்பட்ட நாலைந்து மனிதர்களின் நம்பிக்கையை.

புத்தகம் வேண்டுமானால் முல்லா எழுதிய இன்ஸால்வென்ஸி நூல் இருக்கிறது. அதை நன்றாகப் படிக்கட்டும். ஆனால் பேரேடு படிக்கத் தெரியாதவருக்கு முல்லா ஒன்றும் செய்யமாட்டார். நாள்வழிக்கும் பேரேட்டுக்கும் எங்கே பொருந்தவில்லை, சரக்கு இருப்பு ஏன் திடீரென்று பாதியாயிற்று, சம்பந்தியின் பெயரில் எழுதியிருக்கும் கடன் உண்மைக் கடனா காகிதக் கடனா என்பதையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரியவேண்டும். நம்முடைய யோசனை, ஒரு நல்ல ஆடிட்டர் ஆபீஸில் சில மாதங்கள் குமாஸ்தாவைப் போல உட்கார்ந்துவிட்டு வரவேண்டும் என்பது. பிறகு ஸப்-கோர்ட்டிலும் ஆபீஷியல் ரிஸீவர் கச்சேரியிலும், சென்னையானால் ஹைக்கோர்ட்டில் ஆபீஷியல் அஸைனியின் கச்சேரியிலும் கட்டுகளைப் புரட்டிப் பார்க்கவேண்டும். சொத்து ஏலத்துக்கு வரும் நாளில் போய்ச் சும்மா நின்று பார்த்தாலே ஒரு பரீட்சைக்குப் படித்ததற்குச் சமானம்.

இப்போது கட்சிக்காரர் வரட்டும். அவர் பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளாவிட்டாலும் போட்டுக்கொண்டவர் போலத்தான் படி ஏறுவார். ஜவுளி வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பாக்கி இவ்வளவு, புரோ நோட்டுக் கடன் இவ்வளவு, சீட்டுப் பணம் இவ்வளவு, தினவட்டி இவ்வளவு என்று முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, தாம் வந்த விஷயத்தைச் சொல்லுவார்: "வீட்டை மட்டும் சம்சாரத்தின் பெயருக்கு மாற்றிவிடலாமா? ஆறு மாதம் முன்தேதியிட்டு ஒரு பத்திரம்..."

வக்கீலின் தொழில் அந்த நிமிஷத்தில்தான் ஆரம்பமாகிறது. சில பேருக்கு அந்த நிமிஷத்திலேயே முடிந்தும் போகிறது. 'ஆகட்டும், பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டால் பீஸ் உடனே மேஜைமேல் விழும். சொல்லாவிட்டால் கட்சிக்காரர் எழுந்து எதிர் வீட்டு வக்கீலிடம் போய்விடக்கூடும். வாடகை பாக்கியிருக்கும் இளம் வக்கீலுக்கு இது சாமான்யமான சோதனை அல்ல.

ஆனால் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் அநேகர் எழுந்து போகமாட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம். 1920-ம் வருஷத்துச் சட்டப்படி, திவாலாவதற்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் தகுந்த பிரதி பிரயோஜனம் இல்லாமல் செய்த சொத்து மாற்றத்தை ரிஸீவர் செல்லாமல் அடிக்க வழியிருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்தாலும் அதே கதிதான். சொத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரையில் சிறைவாசம். அதாவது, காப்பாற்றுவதற்காகச் செய்யும் காரியமே வீட்டையும் மானத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். மறுபுறத்தில், சட்டம் எதை விட்டு வைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தாரின் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், மத ஆசாரப்படி ஒரு ஸ்திரீ கழற்றக் கூடாத நகை இவற்றை ஜப்தி செய்ய முடியாது. திவாலிலும் இவை போகா. திருமாங்கல்யத்தைக் கழற்ற வேண்டி வருமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு பெண்மணிக்கு, வக்கீல் சொல்லக் கூடிய வார்த்தைகளில் இதைவிட மதிப்புள்ளது எதுவும் இல்லை. இதைச் சொல்ல அவர் பத்திரம் எதுவும் எழுத வேண்டியதில்லை.

ஊரை விட்டு ஓடிப்போகலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் எண்ணத்துடன் வீட்டை விட்டு மறைவதே திவால் செய்கைகளில் ஒன்றென்று சட்டம் கூறுகிறது. அதைக் கொண்டே கடன் கொடுத்தவர் மூன்று மாதத்திற்குள் மனுப் போடலாம். இன்னும் சிலர் இதைவிடத் தூரமான ஊருக்கு ஓடத் தீர்மானிக்கிறார்கள். குடும்பத்தோடு விஷம் குடித்தார்கள் என்ற செய்தியைப் பத்திரிகைகளில் படித்துப் படித்து நமக்கெல்லாம் கண் மரத்துப் போய்விட்டது. அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், இந்த மனிதர் ஒரு நல்ல வக்கீலின் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்று நமக்குத் தோன்றாமல் இல்லை. கடன் கட்ட முடியாத ஏழையைச் சிறையில் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறது. 1936-ம் வருஷத்திலேயே சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி அதற்குத் தடை போட்டார்கள். வசதியிருந்தும் கொடுக்க மறுக்கிறவனைத் தவிர, இல்லாமையால் கொடுக்காதவனைச் சிறையிலிடக் கூடாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டும் கூறியிருக்கிறது. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டிக்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து கூச்சலிடுகிறவனுக்குக் கோர்ட்டின் பாதுகாப்பு உத்தரவைக் காட்ட முடியும். இவையெல்லாம் எங்கேயோ புத்தகத்தில் இருந்துகொண்டிருப்பதால் யாருக்கு என்ன பயன்? ஈரோட்டிலும், கரூரிலும், சிவகாசியிலும், திருப்பூரிலும் இவற்றை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செக் திரும்பி வந்த கிரிமினல் வழக்கு இந்த மருந்துக்குக் கட்டுப்படாத வியாதி. கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனால் கம்பெனி மேலுள்ள செக் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். ஆனால் செக்கில் கையெழுத்திட்ட டைரக்டருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்துவிட்டது. இதைச் சொல்லாமல் மனுப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கட்சிக்காரரை மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் நிறுத்துவது நல்ல வக்கீலுக்கு அழகல்ல.

இனிப் பீஸ் விஷயத்துக்கு வருவோம். நொடித்தவர் ஒருவர் என்றால் அவருக்குக் கடன் கொடுத்தவர் முப்பது பேர். அந்த முப்பது பேருக்கும் வக்கீல் வேண்டும். கேலி செய்கிறவர்கள் மறந்துவிடுகிற கணக்கு இது. பெரிய கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போகும்போது ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் அந்தந்தப் பிரதேச மொழிப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிப்பு வருகிறது. நிபுணர் நியமனமான 14 நாளுக்குள் பாக்கிக்காரர்கள் கணக்கு அனுப்பவேண்டும் என்று அதில் கண்டிருக்கும். கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்தவர் அந்த மூலையிலுள்ள பொடி எழுத்தை எங்கே படிக்கப் போகிறார்? காலையில் காப்பி சாப்பிட்டுக்கொண்டே அந்த அறிவிப்புகளைப் படிக்கும் வக்கீலுக்கு வேலைக்குக் குறைவிராது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மனுப் போடுவதற்கு வேண்டிய குறைந்தபட்சத் தவறுதலை ஒரு லக்ஷத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தினார்கள். சிறு கம்பெனிகளைக் காப்பாற்றவே அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். ஆனால் நாற்பது லக்ஷம் பாக்கிக்காகத் தவிக்கும் சிறு பட்டறைக்காரர் தாமாக அந்த வாசலைத் தட்ட முடியாமற் போயிற்று. வேறு யாராவது தட்டித் திறந்த பிறகு உள்ளே போய்த் தம் கணக்கைக் கொடுக்க அவருக்குப் பாத்தியம் இருக்கிறது. அதைச் செய்து கொடுப்பது வக்கீலின் வேலை. கம்பெனி கலைக்கப்பட்டால் தொழிலாளிகளின் 24 மாதக் கூலி பாக்கி, ஈட்டை விட்டுக் கொடுத்த பாங்கியின் கடனோடு சரிசமமாக நிற்கிறது என்பதும் தொழிலாளிகளுக்கு யாரேனும் சொன்னால்தான் தெரியும்.

கடனாளியிடமும் பீஸ் வாங்கலாம்; வாங்கவும் வேண்டும். தொகையை முன்கூட்டியே பேசி, ரசீது கொடுத்து, ஒளிவு மறைவில்லாமல் வாங்கவேண்டும். 'ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் ஒன்றுமில்லை' என்று பேசுவதை விதிகள் அனுமதிக்கவில்லை. மனைவியின் வளையலைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறவரிடம் என்ன செய்வது என்று கேட்டால், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, மனுவை மட்டும் எழுதிக் கொடுக்கும்படி நாம் சொல்வோம். வருஷத்தில் இரண்டு மூன்று கட்சிக்காரர்களுக்கு அப்படிச் செய்வதால் வக்கீல் மஞ்சள் கடுதாசி கொடுக்க நேராது. முப்பது கடன்காரர்களில் பாக்கிப் பேர் இருக்கிறார்கள் அல்லவா?

கடைசியாக, அநேக வக்கீல்களே கோட்டை விடுகிற ஒரு சங்கதி உண்டு. திவால் என்று தீர்ப்பானதோடு விவகாரம் முடிந்துவிடுவதில்லை. கடனிலிருந்து விடுதலை கேட்டு மறுபடி மனுப் போடக் கோர்ட்டு ஒரு கெடு வைக்கும். அந்தக் கெடுவுக்குள் போடாவிட்டால் திவால் தீர்ப்பே ரத்தாகி, கடன்காரர்கள் பழையபடி வாசலுக்கு வந்துவிடலாம். விடுதலை பெறாத வரையில் புதிதாகச் சம்பாதிப்பதும் ரிஸீவருக்கே சேரும்; சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நிற்க முடியாது. விடுதலை மனு வரும்போது கோர்ட்டு பழைய கதையை எல்லாம் கிளறும். ரூபாய்க்கு எட்டணாவாவது கடன்காரர்களுக்குக் கொடுக்க ஆஸ்தி இருந்ததா, இல்லையென்றால் யார் குற்றம், கடைசி மூன்று வருஷம் கணக்குப் புத்தகம் ஒழுங்காக எழுதப்பட்டதா, தாம் மூழ்குவது தெரிந்த பிறகும் சரக்குக் கொள்முதல் செய்தாரா, சூதாட்டமும் ஆடம்பரமும் உண்டா என்றெல்லாம் பார்க்கும். முதல் நாள் ராத்திரி முன்தேதிப் பத்திரம் எழுத மறுத்த வக்கீலின் கட்சிக்காரர் இந்தக் கேள்விகளுக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். விடுதலை கிடைத்த பிறகும் சர்க்கார் பாக்கியும், மோசடியால் ஏற்பட்ட கடனும், மனைவிக்குக் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சமும் நீங்கமாட்டா. இவற்றையும் கெடுத் தேதியையும் ஒரு காகிதத்தில் தமிழிலேயே எழிதி, வீட்டு அம்மாளிடம் கொடுத்து வைக்கவேண்டும். கடைக்காரர் அப்போதிருக்கும் மனநிலையில் அந்தக் காகிதத்தை எங்கேயாவது தவறவிட்டு விடுவார்.